காணாமல் போன 132

"காணாமல் போன கார்கள் மொத்தம் ஆறு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணி கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "காலையில போன்ல ரெண்டுன்னு சொன்னீங்க."

"காலையில ரெண்டுதான். அப்புறம் மெக்கானிக் வாக்குமூலம் கொடுக்க ஆரம்பிச்சார். அவர் பேசப் பேசக் கார் கூடிக்கிட்டே போகுது."

"இன்னும் ஒரு மணி நேரம் பேச விட்டா ஷோரூமே திறந்துடலாம் சார்" என்றான் ரேடியோ.

ரேடியோ அண்ணியின் கணவனுக்குத் தம்பி. வயது முப்பத்தெட்டு. வாயை மூடத் தெரியாததால் நான்கு வேலைகளை இழந்து, ஐந்தாவதாக அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். அண்ணியோ பதினேழு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, டீக்கடைக்காரர் முதல் இன்ஸ்பெக்டர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அன்று காலை அலுவலகத்துக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாள், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக்கூட எடுக்காமல் படியேறி ஓடிவந்தாள். அவள் கணவன் கார் மெக்கானிக். பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. அவரைத்தான் போலீஸ் பிடித்து உட்கார வைத்திருந்தது.

காரணம் ஓர் உயில். ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் போன மாதம் காலமானார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பல் டாக்டர், நடுவில் பிறந்தவள் பள்ளித் தலைமையாசிரியை, கடைசி மகன் போட்டோகிராபர். உயிலில் கேப்டன் தெளிவாக எழுதியிருந்தார்: 'என் 110 டர்போ மூத்தவனுக்கு. 132 மகளுக்கு. 158 இளையவனுக்கு. மூன்றும் மெக்கானிக்கின் பட்டறையில் இருக்கின்றன.' மூவரும் தனித்தனியாகப் பட்டறைக்குப் போனார்கள். அங்கே 110 டர்போ என்று எழுதிய ஒரே ஒரு கார் நின்றது. மற்ற இரண்டையும் மெக்கானிக் விற்றுத் தின்றுவிட்டார் என்று புகார் போனது.

"என்கிட்ட இருக்கிறது ஒரே கார்தான்னு அவர் சொல்றாரே?" என்றாள் அண்ணி.

"சொல்றார். ஆனா இதையும் பாருங்க." இன்ஸ்பெக்டர் மூன்று சீட்டுகளை மேஜையில் பரப்பினார். வேறு வேறு வருஷத்துத் தேதிகள். '132 வேலைக்குப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒன்றில். '158 வேலைக்குப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒன்றில். மூன்றாவதில் 110 டர்போ. எல்லாவற்றிலும் மெக்கானிக்கின் கையெழுத்து. "வாங்கினதுக்கு ஆதாரம் இருக்கு. வண்டி இல்லை. மூணு மணிக்கு வேன் வரும். கோர்ட்டுக்கு அனுப்பிட்டு, பட்டறைக்கும் சீல் வெச்சுடுவோம்."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். கண்ணெல்லாம் சிவப்பு. "நான் மூணு மணி நேரமா இவங்களுக்கு விளக்கிக்கிட்டிருக்கேன்!"

"அவர் விளக்கினதெல்லாம் இருக்கு" என்று ஸ்டேஷன் ரைட்டர் தாளை எடுத்து, பரீட்சை முடிவு படிப்பதுபோல் படித்தார். "காணாமல் போனவை. 132. 158. 110, டர்போ இல்லாதது. 124. 133, ஸ்டீயரிங் வலது பக்கம். 160, நிறம் தெரியவில்லை."

"ஐயா, அந்த 160 என்னோட பிரஷர்! டாக்டர் வந்து பார்த்துட்டுச் சொன்னாரே!"

ரைட்டர் பேனாவைத் திறந்தார். "என்ன பிரஷர்? டர்போ பிரஷரா?"

மெக்கானிக் பதில் சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையை உயர்த்தினாள். "உட்காருங்க. நான் வர்ற வரைக்கும் நீங்க ஒரு நம்பரும் சொல்லக்கூடாது. யாராவது மணி கேட்டாக்கூடச் சொல்லக்கூடாது."

அப்போது ஒரு கான்ஸ்டபிள் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "சார், 132-ஐ மடக்கிட்டோம்! ஆனா உள்ளே நாற்பது பேர் இருக்காங்க. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு கத்துறாங்க."

இன்ஸ்பெக்டர் கண்களை மூடிக்கொண்டார். "அது பஸ்யா."

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. மெக்கானிக்கின் மனைவி பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

ரேடியோ துணி உறையை இழுத்தான். கரும்பச்சையில் ஒரு கார் தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. பின்பக்கம் இடுப்பு அகன்று, அதன்மேல் இஸ்திரி மேஜை அளவுக்கு ஒரு தட்டையான வால். அதற்குக் கீழே வெள்ளி எழுத்தில் 110 டர்போ.

"இது காரா, இல்ல யாராவது மிதிச்சுட்டாங்களா?" என்றான் ரேடியோ.

அண்ணி காரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தாள். பிறகு சுவரில் சாவி மாட்டும் ஆணிகளைப் பார்த்தாள்.

"தம்பி, இந்தக் கார் இங்க எத்தனை வருஷமா நிக்குது?"

"பன்னிரண்டு வருஷம்னு அந்த அம்மா சொன்னாங்க."

"பழைய கார் நின்ன இடத்துல எண்ணெய் ஒழுகும். மூணு கார் நின்னிருந்தா எத்தனை கறை இருக்கணும்?"

ரேடியோ குனிந்து பார்த்தான். காருக்கு அடியில் வட்டமாக ஒரே ஒரு கறுப்புக் கறை. மற்ற இடமெல்லாம் கழுவிவிட்ட மாதிரி சிமெண்ட். "ஒண்ணுதான் ஒழுகியிருக்கு. மத்த ரெண்டும் ஒழுக்கமான காரா இருக்கும் அண்ணி."

அண்ணி சிரிக்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடினால் மறைந்துவிடும் இடத்தில் டார்ச் அடித்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு தகடு. கட்டை விரலால் அழுக்கைத் துடைத்தாள். நீளமான எண் ஒன்று குத்தியிருந்தது. அதன் முதல் மூன்று இலக்கம் 132.

"முதுகுல ஒரு பேரு, அக்குள்ல ஒரு பேரா?" என்றான் ரேடியோ.

"இதைக் கம்பெனிக்காரன்தான் குத்தியிருக்கான். அவனே ஏன் வேற நம்பர் போட்டான்னு தெரியணும். மெக்கானிக்கைக் கேட்டா இன்னும் நாலு கார் காணாமப் போகும். வேற யாரைக் கேக்கலாம்?"

வாசலிலிருந்து மெக்கானிக்கின் மனைவி சொன்னாள். "ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். இவர் சாமான் வாங்குறது அவர்கிட்ட மட்டும்தான். ஆனா அவர்கிட்ட ஜாக்கிரதையா பேசுங்க. தப்பான நம்பர் சொன்னா வெளியே அனுப்பிடுவார்."

கடை ஓர் ஆள் அகலம்தான் இருந்தது. ஆனால் உயரம் இரண்டு மாடி. இரு பக்கமும் கூரை வரைக்கும் இழுப்பறைகள். ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன வேணும்?"

"110 டர்போ பத்தி..." என்று ரேடியோ ஆரம்பித்தான்.

"அப்படி ஒரு கார் கிடையாது. அடுத்தவங்க வரலாம்."

அடுத்தவர் அண்ணிதான். "132" என்றாள்.

ஏணி கிரீச்சிட்டது. கடைக்காரர் படி படியாக இறங்கிவந்து, மரியாதையாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. பேசத் தெரிஞ்சவங்க வந்து எவ்வளவு நாளாச்சு."

"110 டர்போவும் 132-ம் ஒண்ணா?"

"உங்க கூட வந்தவருக்கு ஸ்கூல்ல ஒரு பேரும் வீட்ல ஒரு பேரும் இருக்கும் இல்லையா?"

"எனக்கு மூணு பேரு" என்றான் ரேடியோ. "மூணாவதைப் பொண்டாட்டி கோவத்துல மட்டும்தான் சொல்லுவா."

"அதேதான். 110-ங்கிறது விக்கிறதுக்கு வெச்ச பேரு. டர்போ பூட்டினதும் எஞ்சினுக்கு வேகம் வந்துச்சு, சக்கரத்தைப் பெருசாக்கினாங்க, உடம்பை அகலமாக்கினாங்க. தொழிற்சாலையில வரைபடமெல்லாம் புதுசா போடணும். அதனால அவங்களுக்குள்ள 132-ன்னு நம்பர் கொடுத்துட்டாங்க. ஆனா கடையில 110-ன்னாத்தான் ஜனங்களுக்குத் தெரியும். அதனால முதுகுல பழைய பேரையே ஒட்டி அனுப்பினாங்க."

"158?"

"அது அந்த வண்டியோட எஞ்சின். எஞ்சினுக்குத் தனி நம்பர். மெக்கானிக்குங்க எஞ்சினை மட்டும் கழட்டி வேலை பார்த்தா 158 வந்துச்சுன்னுதான் எழுதுவாங்க." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இதுல பெரிய கூத்து என்னன்னா, பத்து வருஷம் கழிச்சு அதே கம்பெனி வேற ஒரு காரை 132-ன்னே பேர் வெச்சு வித்துச்சு. அதுக்குத் தொழிற்சாலைக்குள்ள நம்பர் 171. நல்லவேளை, அது ஒண்ணுகூட இந்த ஊருக்கு வரலை."

"ஏன் இப்படிப் பண்றாங்க?"

"பேர் வெக்கிறவங்க நாலாவது மாடியில. படம் வரையறவங்க ரெண்டாவது மாடியில. லிப்ட் ரிப்பேர்னு நினைக்கிறேன்."

ரேடியோ தொடையில் தட்டினான். "முடிஞ்சுது அண்ணி! மூணும் ஒரே கார். பாவம், கேப்டனுக்கு வயசான காலத்துல குழம்பிப்போச்சு. வாங்க, போய்ச் சொல்லிடலாம்."

அண்ணி எழவில்லை. "முப்பது வருஷம் கப்பல் ஓட்டினவர். தன்கிட்ட ஒரு கார் இருக்கா மூணு இருக்கான்னு குழம்புவாரா?" அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "கேப்டன் இங்கே வந்திருக்காரா?"

"ஒரே ஒரு தடவை. போன வருஷம். சாமான் எதுவும் வாங்கலை. 'இந்த வண்டிக்கு எத்தனை பேரு?'ன்னு கேட்டார். நான், நாலு பேர் உக்காரலாம், ஆனா பின்னாடி உக்காரற ரெண்டு பேருக்குக் கால் இருக்கக்கூடாதுன்னு சொன்னேன். 'அந்தப் பேர் இல்லப்பா, கூப்பிடுற பேரு'ன்னார். இப்ப உங்களுக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். 'மூணு. சரியா இருக்கு'ன்னார். என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனார்."

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "தம்பி, வண்டியை எடு. கேப்டன் பிள்ளைங்க மூணு பேரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லு."

அவர்கள் வந்து மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி மூவரும் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்து. மணி இரண்டு. நான்கு வருஷமாக அவர்களுக்குள் பேச்சு கிடையாது. தலைமையாசிரியையின் மகள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தவன் தம்பி. ஆல்பம் வந்தபோது பெரியண்ணன் எல்லாப் படத்திலும் கழுத்து வரைக்கும்தான் இருந்தார். தெரியாமல் நடந்தது என்றான் தம்பி. இருநூறு படத்திலுமா என்றார் அண்ணன். அக்கா இரண்டு பேரையும் திட்டினாள். அதோடு முடிந்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் அண்ணி. "டாக்டர், அந்தக் காரை உங்க அப்பாகிட்ட நீங்க எப்போ கேட்டீங்க?"

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "போன வருஷம். அவர் பிறந்தநாளுக்குப் போனப்போ. உனக்குத்தான்டா, ஆனா யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

தலைமையாசிரியை சட்டென்று சுவரிலிருந்து திரும்பினாள். "என்ன சொல்றீங்க? அதே வாரம் நான் போன்ல கேட்டேன். உனக்குத்தாம்மா, அண்ணன்கிட்டச் சொல்லிடாதேன்னு என்கிட்டச் சொன்னார்!"

போட்டோகிராபர் எழுந்தே விட்டான். "நான் நேர்ல போய்க் கேட்டேன். கட்டிப் பிடிச்சுக்கிட்டு, உனக்கில்லாம யாருக்குடான்னார்."

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"புயல்ல கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்தவர்தான்" என்றாள் அண்ணி. "பெத்த பிள்ளைங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. மூணு பேருக்கும் சரின்னுட்டார். இருக்கிறது ஒரு கார். அப்புறம் கடைக்குப் போய் விசாரிச்சார், அதுக்கு மூணு பேரு இருக்குன்னு தெரிஞ்சது. ஆளுக்கு ஒரு பேரா எழுதிவெச்சுட்டு நிம்மதியாப் போயிட்டார். இன்ஸ்பெக்டர் சார், காணாமப் போன கார்னு எதுவும் இல்லை. ஏமாத்தினவர் ஒருத்தர் இருக்கார். அவரை இனிமே நீங்க பிடிக்க முடியாது."

தலைமையாசிரியை கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு மட்டும்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும்தான்" என்றார் பல் டாக்டர், சுவரிடம்.

"அப்போ யாருக்கு என்ன?" என்று ரைட்டர் கவலையாகக் கேட்டார்.

"உயில்படி பார்த்தா எஞ்சின் தம்பிக்கு, உடம்பு அக்காவுக்கு" என்றான் ரேடியோ. "டாக்டருக்கு முதுகுல ஒட்டியிருக்கிற எழுத்து. ஸ்க்ரூ டிரைவர் வேணுமா டாக்டர்?"

மெக்கானிக்கின் மனைவி முன்னால் வந்தாள். "அதெல்லாம் அப்புறம் பேசுங்க. என் வீட்டுக்காரரை விடுங்க."

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "விடலாம்மா. ஆனா காணோம்னு பதிவாயிடுச்சே. கிடைச்சுதுன்னு எழுதாம மூட முடியாது. கார் வாசல் வழியா உள்ளே வரணும், ரைட்டர் கண்ணால பார்க்கணும், சொந்தக்காரர் ஓட்டிட்டு வந்து கையெழுத்துப் போடணும்."

"மெக்கானிக் உதாரணத்துக்குச் சொன்ன டர்போ இல்லாத 110-க்கும் 124-க்கும் 133-க்கும் யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?"

"இல்லை."

"அடிச்சுடுங்க. 160-க்குச் சொந்தக்காரர் அந்தப் பெஞ்சுலயே உக்காந்திருக்கார். மாத்திரை போட்டா இறங்கிடும். பாக்கி 132, 158." அண்ணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஸ்டேஷனுக்கு எத்தனை வாசல்?"

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"போதும்" என்றாள் அண்ணி.

இரண்டரை மணிக்குத் தலைமையாசிரியை காரை முன்வாசல் வழியாக ஓட்டிவந்தாள். மாட்டுவண்டி வேகம். ஆள் இல்லாத வளாகத்துக்குள்ளும் விளக்குப் போட்டுத் திரும்பினாள். ரைட்டர் எழுந்து நின்று, '132 கிடைத்தது' என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கார் பின்வாசல் வழியாக வெளியே போனது. அடுத்து 158-ஆக முன்வாசல் வழியாக வரவேண்டும்.

ஆனால் 158-இன் சொந்தக்காரனுக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது.

"அவன்தான் ஓட்டணும்னு சட்டம். பக்கத்துல உக்காரக்கூடாதுன்னு சட்டம் இல்லையே" என்றாள் அண்ணி. பல் டாக்டர் பெருமூச்சு விட்டுத் தம்பியின் பக்கத்தில் ஏறி கியரைப் பிடித்துக்கொண்டார். கிளச்சை எப்போது விடவேண்டும் என்று சொல்ல, அக்கா பின்சீட்டில் கால்களை மடக்கித் திணித்துக்கொண்டாள்.

மெக்கானிக் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கத்தினார். "தம்பி! மிதிச்ச உடனே வராது. டர்போ சுத்தி எழணும். கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காது. அப்புறம் வரும்!"

"எது வரும்?"

"எல்லாம் வரும்!"

கார் தெருமுனை வரை நொண்டிக்கொண்டு போனது. திரும்பி வாசலை நோக்கி நகர்ந்தது. தம்பி மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தான். திடீரென்று ஒரு சீழ்க்கை கிளம்பியது. கரும்பச்சையாக ஏதோ ஒன்று வாசலைத் தாண்டிப் பறந்தது. காற்றில் ரைட்டரின் தாள்கள் எழும்பி விழுந்தன. ரோடு காலியாக இருந்தது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. கோர்ட் வேன் வந்து நின்றது. மெக்கானிக்கின் மனைவி அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"இப்போ நிஜமாவே ஒரு கார் காணோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன பேர்ல எழுதுறது?"

அண்ணி போனை எடுத்தாள். பதினோரு தடவை மணி அடித்தபிறகு தலைமையாசிரியை எடுத்தாள். பின்னணியில் இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கிளச், கிளச் என்று ஒரு குரல். படத்துல தலையை வெட்டினது நான் இல்லை, லேப் என்று இன்னொரு குரல்.

"வண்டியை நிறுத்த முடியலையா?" என்றாள் அண்ணி.

"நிறுத்தலாம்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் அவள். "யாருக்கும் மனசு வரலை."

"மூணு மணிக்கு இங்கே ஒரு மனுஷனை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்கம்மா. அவர்தான் உங்க அப்பா காரைப் பன்னிரண்டு வருஷமா உயிரோட வெச்சிருந்தவர்."

எதிர்முனையில் வகுப்பறைகளை அடக்கும் குரல் ஒன்று எழுந்தது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. திருப்பு வண்டியை."

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கார் வாசலுக்குள் குதித்து, கொடிக்கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் இருமிக்கொண்டு நின்றது. சக்கரமெல்லாம் சேறு. போட்டோகிராபரின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. பல் டாக்டர் முதலில் இறங்கி, தங்கை இறங்குவதற்குக் கை கொடுத்தார். '158 கிடைத்தது' என்று எழுதி ரைட்டர் கோடு கிழித்தார். டிரைவர் வெறும் வேனைத் திருப்பிக்கொண்டு போனார்.

மெக்கானிக் வெளியே வந்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பிள்ளைகளும் மன்னிப்புக் கேட்க வரிசையாக வந்து நின்றார்கள். அவர் அவர்களைக் கவனிக்கவே இல்லை. எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்து, சூடு பார்த்து, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எவ்வளவு தூரம் போனீங்க?"

"ஒரு இருபது கிலோமீட்டர் இருக்கும்" என்றான் போட்டோகிராபர் பெருமையாக.

"அவ்வளவையும் ரெண்டாவது கியர்லயேவா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாவதுன்னு ஒண்ணு இருக்கா?" என்றார் பல் டாக்டர்.